சிங்கம் ஊசி போட்டுக்கொண்ட வரலாறு

ஏப்ரல் 2

பெருமதிப்பிற்குரிய பாலத்தரசி அக்காவின் சமூகத்துக்கு,

உலகோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எழுந்து நின்று படிக்கவும். நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்று காலை முதல் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. வாஷரை மாற்றியவன் அடியேன். பிளம்பர் மூன்று முறை வந்து தோற்ற இடம் அது. நீ கைதட்டி முடித்ததும் உட்காரலாம்.

இதிலிருந்து தெரிவது என்ன? தம்பி வளர்ந்துவிட்டான். தனியாக நாடு விட்டு நாடு போகும் தகுதி அவனுக்கு வந்துவிட்டது. ஆகவே கோடை விடுமுறைக்கு, நீ பாலம் கட்டும் நாட்டுக்கே உன்னிடம் வருகிறேன். பரீட்சை முடிந்ததும், மே 25-ம் தேதி விமானம்.

ஏன் வருகிறேன் என்று கேட்பாய். கடைசி மூன்று கடிதங்களில் நீ என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "நலம், வேலை நடக்கிறது, மழை பெய்கிறது" என்று வானிலை அறிக்கை மாதிரி எழுதுகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. நேரில் வந்து திட்டு வாங்கினால்தான் நிம்மதி.

அம்மாவிடம் சொன்னேன். நீ வெளிநாட்டு வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிக்கெட்டும் கையுமாக வந்து சொன்னாயே, அன்றைக்கு "போனா போ" என்றவள், இந்த ஒன்றரை வருடத்தில் உன் பெயரை எடுக்கவில்லை. இப்போதும் எடுக்கவில்லை. "அங்க போறதுன்னா எல்லா ஊசியும் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஊசி என்றால் நான் பின்வாங்குவேன் என்று கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பாக்குகிறேன், பார்.

இப்படிக்கு,
குழாய் வென்றான் (எ) வால்

———

ஏப்ரல் 11

அன்புள்ள வாலுக்கு,

கைதட்டினேன். பக்கத்து அறை சர்வேயர் எட்டிப்பார்த்து, "மேடம், கொசுவா?" என்று கேட்டார். ஆமாம், பெரிய கொசு, மே 25-ம் தேதி வருகிறதாம் என்றேன்.

நீ வருவது எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இது விளையாட்டு இல்லைடா. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் அட்டை வாங்கியிருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெஞ்சினாலும் ஜோக் அடித்தாலும் நடக்காது. புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். டைபாய்டுக்கும் மஞ்சள் காமாலைக்கும் தனித்தனியாகத் தடுப்பு மருந்து உண்டு, டாக்டரைக் கேள். மலேரியா மாத்திரையைப் புறப்படும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தக்கூடாது. இங்கே கொதிக்காத தண்ணீர் கிடையாது, ஐஸ் கிடையாது. பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை. வலைக்குள்தான் தூக்கம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அனுபவம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் மாத்திரையை நடுவில் விட்டுவிட்டேன். பிப்ரவரியில் மலேரியா வந்தது. எங்கள் வேலை முகாமின் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தேன். குளிரில் கட்டில் ஆடியது. இப்போது சரியாகிவிட்டது, எடைதான் குறைந்திருக்கிறது. உன்னைத் திட்டாததற்குக் காரணம் அதுதான், தெம்பு இல்லை.

இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. அப்பா போன பிறகு அவளுக்கு எதைக் கேட்டாலும் பயம். நான் கிளம்பிய அன்று அவள் காட்டிய கோபமும் பயம்தான் என்று இங்கே படுத்திருந்தபோதுதான் புரிந்தது.

பள்ளியில் ஊசி போட வந்தபோது நீ பெஞ்சுக்கு அடியில் புகுந்து, நாலு வாத்தியார்கள் சேர்ந்து இழுத்தார்களே, அந்த வாலா ஊசி போட்டுக்கொள்ளப் போகிறது? போட்டுக்கொண்டால் வா.

ஒன்று கேட்கிறேன். என் கடிதங்களை அம்மா படிக்கிறாளா?

அன்புடன்,
அக்கா

———

ஏப்ரல் 20

திட்டத் தொடங்கிவிட்ட அக்காவுக்கு,

முதலில் ஒரு புகார். "அம்மாவிடம் சொல்லாதே" என்பதை மலேரியாவுக்கு முன்னால் எழுதக் கூடாதா? பாலம் கட்டுகிறவள் எச்சரிக்கைப் பலகையைப் பள்ளம் தாண்டியா வைப்பாய்?

நடந்தது இதுதான். உன் கடிதம் வந்தால் நான் சமையலறை வாசலில் நின்று சத்தமாகப் படிப்பேன். நான் யாருக்கும் படிப்பதில்லை, அம்மாவும் கேட்பதில்லை. ஆனால் நான் ஆரம்பித்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவாள். உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தத் தடவையும் அப்படியே படித்துக்கொண்டு போனேன். "கட்டில் ஆடியது" வரை வந்துவிட்டேன். அடுத்த பத்தியின் முதல் வரி கண்ணில் பட்டதும் நின்றேன். ரயில் பாலத்தில் பாதி ஏறிய பிறகு பிரேக் போட்டு என்ன பயன்?

அம்மா கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, "உன் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எப்போ?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மன்னித்துவிடு.

இனி வீரச் செய்தி. மஞ்சள் காமாலைத் தடுப்பு மருந்துக்கு இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டைபாய்டு முடிந்தது! கண் இமைக்கவில்லை. டாக்டர் என் முதுகைத் தட்டி, "சிங்கம்டா நீ" என்றார். இனி என்னை வால் என்று கூப்பிடாதே, சிங்கத்துக்கு வால் கடைசியில்தான்.

ஒத்திகையும் நடக்கிறது. கட்டிலுக்கு மேல் கொசுவலை கட்டி ஒரு வாரமாக அதற்குள் தூங்குகிறேன். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த நம் வீட்டில் கொசுவே கிடையாது என்று அம்மா நினைவூட்டுகிறாள். சித்தி வீட்டுக்குப் போனபோது என் தண்ணீரை நானே கொதிக்கவைத்து எடுத்துப் போனேன். "எங்க வீட்டுத் தண்ணி என்னடா விஷமா?" என்று சித்தி பொரிந்து தள்ளினாள். அவளுக்குக் கோபம் ஆறும்வரை நானும் ஆறிய தண்ணீரையே குடித்தேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மே 8. நீ வலையைக் கட்டி வை.

கர்ஜனையுடன்,
சிங்கம்

———

ஏப்ரல் 29

அன்புள்ள சிங்கத்துக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கான்கிரீட் வண்டி வந்து ஹாரன் அடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். உன்மேல் கோபம் இல்லை. தெரிந்ததும் நல்லதுதான்.

தெரிந்த பிறகும் அவள் ஒரு வரி எழுதவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. "எப்படி இருக்கே" என்று இரண்டே வார்த்தை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. நீ அவளிடம் போய் எழுதச் சொல்லி நச்சரிக்காதே.

ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். உனக்குக் கட்டில் போட்டாயிற்று. வலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் தைத்தேன். நீ வந்தால் போதும் என்றிருக்கிறது. மே 8-ஐத் தவறவிடாதே. அந்த ஊசியை அங்கே தினமும் போடமாட்டார்கள். அதை விட்டால் பத்து நாள் கணக்கு இடிக்கும், பயணமே போய்விடும்.

அது சரி, டைபாய்டு ஊசியை எந்தக் கையில் போட்டார்கள்?

அன்புடன்,
அக்கா

———

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எந்தக் கையிலும் இல்லை. அது வாயில். டைபாய்டுக்கு விழுங்கும் கேப்ஸ்யூலும் உண்டு, எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள். டாக்டர் முதுகைத் தட்டியது உண்மை, கேப்ஸ்யூல் தொண்டையில் மாட்டிக்கொண்டதால்.

நேற்றைய கதையைக் கேள். மஞ்சள் காய்ச்சல் மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு வருகிறது. திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால்தான் ஆட்களைச் சேர்த்து ஒரே நாளில் போடுகிறார்கள். நேற்று நாங்கள் ஏழு பேர், எனக்குத் துணையாக வந்த அம்மாவைச் சேர்க்காமல். நான் ஏழாவது. முன்னால் உட்கார்ந்திருந்த கப்பல் சமையல்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, "ஒண்ணுமே இல்ல தம்பி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். கால்கள் தாமாக வாசல் பக்கம் போயின. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வேனுக்குப் பின்னால் போய்த்தான் நின்றன.

அங்கே நின்று உன்னை நினைத்தேன். நீ தைத்த இரண்டு ஓட்டைகளை நினைத்தேன். இந்த ஒரு குத்துக்குப் பயந்து போகாமல் விட்டால், என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்க முடியாது என்று தோன்றியது. நடுங்கிக்கொண்டேதான் திரும்பிப் போனேன். இதையாவது வீரம் என்று கணக்கில் எழுதிக்கொள்.

உள்ளே போனால் என் நாற்காலியில் அம்மா. சட்டைக் கை தோள்வரை ஏறியிருக்கிறது.

"மீதி மருந்தை என்ன பண்ணுவீங்க?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"கொட்டிடுவோம்மா."

"கொட்டுவீங்களா! இவ்வளவு நல்ல மருந்தை?" என்றாள். பற்பசைக் குழாயைக் கத்திரியால் வெட்டி வழித்து எடுப்பவளாயிற்றே.

நர்ஸ் சிரித்துவிட்டு, முட்டை ஒத்துக்கொள்ளுமா, வேறு நோய் உண்டா, வயது என்ன என்று எல்லாம் விசாரித்து, டாக்டரையும் கேட்டுவிட்டு வந்தார்.

"எங்கேயாவது போறீங்களாம்மா?"

"இல்ல. வீணாக்கக் கூடாதேன்னுதான். இது எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"ஆயுசுக்கும் செல்லும்."

அம்மா தலையாட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியபோது சுவரில் இருந்த கொசுப் படத்தை முறைத்துப் பார்த்தாள். அந்தக் கொசு உயிரோடு இருந்திருந்தால் செத்திருக்கும்.

பிறகு நர்ஸ், "அட்டையில எழுத பாஸ்போர்ட் நம்பர் வேணுமே, கையில இருக்காது இல்ல?" என்றார். அம்மா கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். புத்தம் புதுசு, அக்கா. அதை எப்போது எடுத்தாள், எதற்குக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள் என்று பயம்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவளே சொன்னாள். "ஊசி போட்டாச்சு. போகலைன்னா வீண்தானே?" கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்குச் சட்டையெல்லாம் இப்போ தொளதொளன்னு இருக்குமோ?" என்றாள். அவள் என்று யாரைச் சொன்னாள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

என் விமானத்திலேயே அவளுக்கும் இடம் கிடைத்துவிட்டது. மலேரியா மாத்திரைக்கு அவளே டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறாள். ஆகவே இன்னொரு கட்டில், இன்னொரு வலை. தனியாக நாடு விட்டு நாடு வருகிறேன் என்று ஆரம்பத்தில் அளந்ததை மரியாதையாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. எனக்கு ஊசி போட்டபோது நான் அம்மா கையைப் பிடிக்கவே இல்லை என்று உன்னிடம் நேரில் சாதிப்பேன். அம்மா வேறு மாதிரி சொல்வாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்பாள், கண்ணை மூடிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று கத்தினேன் என்பாள். அவள் சொல்வதையே நம்பு.

இப்படிக்கு,
வால்தான்