அம்மாவுக்குக் கடல் கணுக்கால் வரை

என் அன்பான அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன். உங்கள் மனம் நோகுமே என்று குறைக்கவும் மாட்டேன். அத்தையைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். அவள் உங்கள் தங்கை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

நாங்கள் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம், அப்பா. நிஜக் கடல். டேங்க் பண்ட் ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி, "சாகர், கடல்னு பேரே வெச்சிருக்கான், இதுக்கு மேல என்ன கடல் வேணும் உனக்கு?" என்று அம்மாவிடம் சொல்வீர்களே, அந்த ஏரி இல்லை. ரயில்வேயிலேயே வேலை பார்த்தும் அவளை ஒரு கடற்கரை ஊருக்கு நீங்கள் அழைத்துப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லையா, கேட்கவே இல்லையா?

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இப்போது மல்காஜ்கிரியில், அத்தை வீட்டு மாடி அறையில் இருக்கிறோம். கீழே சமையல் முழுக்க அம்மாதான். போன வாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் அத்தை வந்து, "அண்ணி, சனி ஞாயிறு பாபட்லா பீச்சுக்குப் போறோம், நீங்களும் வாங்க. மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்றாள். அம்மா மாடிக்கு வந்ததும் ஒரு பழைய நைலக்ஸ் புடவையை எடுத்துக் கட்டி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிப் பார்த்தாள். "இதுன்னா நனைஞ்சாலும் சீக்கிரம் காயும்டி. கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடுவேன்." அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஊரில் எல்லாமே நன்றாக இருந்தது. சவுக்குத் தோப்புக்குள் ஆட்டோ திரும்பியதுமே காற்றில் உப்பு வந்துவிட்டது. மிளகாய் பஜ்ஜியைக் கீறி, வெங்காயம் திணித்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். கண்ணில் நீர் வரும், ஆனாலும் இன்னொன்று வேண்டும். குட்டி நண்டுகள் மணலில் கோலம் போட்டுவிட்டு ஓடுகின்றன.

கரையில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். அம்மாவும் கழற்றினாள்.

"அண்ணி, நீங்க எங்க? வருஷம் திரும்பலை. கடல்ல இறங்கக் கூடாது."

"கால் மட்டும்தான், வசந்தா."

"கால் என்ன, தலை என்ன? நாளைக்கு சொந்தத்துல யாராவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? இப்படி உக்காருங்க. செருப்பு, போனெல்லாம் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

"அப்பா உங்களுக்கும் அண்ணன்தானே, அத்தை? நீங்க மட்டும் இறங்கலாமா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"என்னைக் கட்டிக்குடுத்தாச்சுடி. நான் வேற கோத்திரம். எனக்கு மூணு நாளோட தீட்டு முடிஞ்சது. எந்நேரமும் புக்கு படிக்கிறியே, இதெல்லாம் அதுல போடலையா?"

"ஹவ் ஹவ், ஆமாமா, சாஸ்திரம் அப்படித்தான்" என்று மாமா பேன்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்.

"மம்மி, மாமி கைக்கு வரல்லே?" என்று அவர்களுடைய குட்டிப் பெண் சின்னு கேட்டாள். அவளுடைய 'ஏன்' எப்போதும் ஹைதராபாத் 'கைக்கு'தான். அத்தை அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப் போனாள்.

எனக்குத் தடையில்லையாம், நான் குழந்தையாம். நான் இறங்கினேன். மிகவும் சந்தோஷமாக இருந்தது, அப்பா. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஓர் அலை என்னைத் தள்ளிவிட்டபோது திரும்பிப் பார்த்தேன். அம்மா எங்கள் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவர்களுக்கு வறுத்த மீன் வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் வீட்டிலிருந்து அம்மா கிளறிக் கொண்டுவந்த புளிசாதம். "எங்க அண்ணனுக்கு வஞ்சிரம்னா உயிரு" என்று அத்தை அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். முள்ளுக்குப் பயந்து நீங்கள் மீனே தொடமாட்டீர்கள். அம்மா திருத்தவில்லை.

ஞாயிறு காலை அவர்கள் சின்னுவைக் குதிரையில் ஏற்றப் போனார்கள். "நான் பைகளைப் பார்த்துக்கறேன். நீ போம்மா. அவங்க வர்றதுக்குள்ள வந்துடு" என்று அம்மாவைத் தள்ளினேன். அவள் அந்த நைலக்ஸ் புடவையைத்தான் கட்டியிருந்தாள். பாத்திரக் கடைக்குள் போகிறவள் மாதிரி, எதிலும் பட்டுவிடாமல் நடந்தாள். தண்ணீர் வந்து கணுக்காலைச் சுற்றியது. அவள் கீழே பார்த்து, குனிந்து ஒரு கை அள்ளினாள்.

அதற்குள் அத்தை ஓடி வந்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பந்து விளையாடிய குடும்பம் விளையாட்டை நிறுத்திவிட்டது.

"எங்க அண்ணன் போட்டோவுக்குப் போட்ட மாலைகூட இன்னும் காயலை. அதுக்குள்ள தண்ணில ஆட்டமா? ஊர் சிரிக்கும்!"

"மூணு நாள் அண்ணனுக்கு எதுக்கு அத்தை இவ்வளவு கோவம்?" என்றேன்.

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அது நிஜ அழுகை, அப்பா, மீன் அழுகை இல்லை. அவளுக்கும் நீங்கள் இல்லாதது வலிக்கிறது என்று அப்போது தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. சரியான இடத்தில் பட்டது என்றுதான் தோன்றியது. "சோறு போடற வீட்டைப் பேசற வாயா இது?" என்று மாமா கத்தினார்.

அடித்தது அம்மாதான். கன்னத்தில், எல்லார் முன்னாலும். அவள் கை இன்னும் ஈரமாக இருந்தது. என் உதட்டில் உப்பு கரித்தது.

"மன்னிப்புக் கேளுடி."

"நான் தப்பா எதுவும் கேக்கலையேம்மா."

"கேளு." பிறகு என் காதில் மட்டும், "எங்கடி போவோம்?" என்றாள்.

கேட்டேன். அம்மா பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தை முகம் கழுவிவிட்டு வந்து அவளை ஒரு போட்டோ எடுத்தாள். 'அண்ணிக்கு ஒரு மாறுதல்' என்று எழுதிக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கைதட்டும் பொம்மை அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் அம்மா சிரிக்கிறாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குண்டூர் தாண்டி, மற்றவர்கள் தூங்கிய பிறகு, "வெதுவெதுன்னு இருந்துச்சுடி. நான் ஜில்லுன்னு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அத்தையிடம் கேட்ட மன்னிப்பை இங்கே, உங்களிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்காகக் கேட்டது அது, எனக்காக இல்லை. அம்மாவை மறுபடியும் கடலுக்கு அழைத்துப் போவேன். எப்போது, எப்படி என்று தெரியவில்லை. அந்தத் தடவை இடுப்பு வரை இறங்குவாள். யாரிடமும் அனுமதி கேட்கமாட்டோம், அப்பா. உங்களிடமும்தான். இது சத்தியம்.

கீழேயிருந்து அத்தை கூப்பிடுகிறாள், "மாடில இன்னும் என்ன வெளிச்சம்?" என்று. அம்மா எழுந்து விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டிலேயே பெயரை எழுதுகிறேன்.

உங்கள் ஒரே மகள்,
வைதேகி