வெளுத்த கொண்டை

5 மார்ச் 1956
பண்ணையில் இன்று நாற்பது சேவலுக்கு மருந்து வைத்தேன். பின்கழுத்துத் தோலைத் தூக்கி உள்ளே ஒரு குளிகை, அவ்வளவுதான். போன மாதம் வைத்தவற்றுக்குக் கொண்டை சுருங்கி, செம்பருத்தி நிறம் போய் வெளுத்துவிட்டது. இறகு உதிர்ந்த இடத்தில் பெட்டை இறகு முளைக்கிறது. கூவுவதில்லை, சண்டையில்லை, தின்று கொழுக்கின்றன. முதலாளி தவுக்கேக்குச் சந்தோஷம். எனக்குச் சிரிப்பு.

19 மார்ச்
மூத்திரக் கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மூத்திரப்பைக்குக் கீழே புற்று என்கிறார்கள். மாத்திரைப் புட்டியில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்று எழுதியிருந்தது. பண்ணைப் பெட்டியிலும் அதே பெயர்.
"டாக்டர், இது சேவலுக்கு வைக்கிறதுங்க."
"அதேதான், பெண் ஹார்மோன். உங்க ஆண் ஹார்மோனாலதான் கட்டி வளருது, அதை அடக்கணும். மார்பு வீங்கும், ரோமம் குறையும். இப்பவே ஆரம்பிச்சா பல வருஷம் இருக்கலாம்."
அறுபது வயதில் எனக்கு இது தேவையா?

20 மார்ச்
விழுங்கவில்லை.

2 ஏப்ரல்
ரத்தினம்மா தினமும் மாத்திரையை எண்ணிப் பார்க்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளை ஏமாற்றுவது லேசில்லை. அதனால் பொடித்து, கொல்லையில் நிற்கும் எங்கள் சேவலின் தவிட்டில் கலந்துவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது — என்ன மனுஷன் நான்?

11 மே
இடுப்பு வலி. தீவன மூட்டை தூக்கியதால் இருக்கும்.

24 ஜூன்
மாட்டிக்கொண்டேன். ரத்தினம்மா சேவலைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். கொண்டை வெளிறி, வால் இறகு பெட்டையாட்டம்.
"இது ஏங்க வெளுத்துப்போச்சு? நீங்க ஏன் அப்படியே இருக்கீங்க?"
அவளும் அதே பண்ணையில் இறகு பிடுங்கியவள். அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?
"மீசைக்காக என் தாலிய அறுக்கப் பாத்தீங்களா?"
அழுதுவிட்டேன். உன் முன்னாடி அப்படி உட்கார முடியாதுடி என்றேன்.
"எனக்குக் கூவுற ஆளா வேணும்? பக்கத்துல ஆள் இருந்தாப் போதும்லா."

25 ஜூன்
விழுங்கினேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

9 ஆகஸ்ட்
முதுகெலும்புக்கு ஏறிவிட்டதாம். "மாத்திரைய நிறுத்தாதீங்க, வலி குறையும்" என்றார் டாக்டர். வருஷக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

30 செப்டம்பர்
மார்பு வீங்கிவிட்டது, சட்டை உரசினால் வலிக்கிறது. நான் பயந்த எதையும் ரத்தினம்மா கவனித்ததாகவே தெரியவில்லை. இன்று உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். துவட்டும்போது ஒரே ஒரு தடவை கேட்டாள்:
"அந்த மூணு மாசத்தச் சேவலுக்குக் குடுத்தீங்களே, எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"
அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போடப் போய்விட்டாள்.