மூவன் நெடும்பந்து ஏற்றமை குறித்துக் குறும்பொறைக்கு விடுத்த ஓலை

வளம் ஓங்குக. வெண்ணாவல் நாடும் அதற்குட்பட்ட மலையும் ஆறும் மன்னர்பிரானின் குடைநிழலில் குளிர்க. அஞ்சாதாரும் அஞ்சும் செங்கோலர், பகைவர் முடிகளைப் படியாக்கி அரியணை ஏறியவர், வெண்ணாவல் வேந்தர் மாவிறற் சேயோன் அவர்களின் திருவுள்ளம் அறிந்து, மகாமந்திரி காரிக்கண்ணனார் செங்கரைக் கோட்டையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. குறும்பொறை மலைத்தலைவரும், தேனும் அகிலும் தவறாமல் அனுப்பும் நல்லவரும், மன்னர் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பவருமான ஆதன் வேட்டுவனார் கண்டு தெளிக. உம் மலையில் மழை தப்பாதிருக்கட்டும், தேனடைகள் நிறைந்திருக்கட்டும், உம் மக்கள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உம் மலையிலிருந்து நெடும்பந்து ஆட்டத்துக்கென அழைத்துவரப்பட்ட மூவன், தொலைவில் எறியும் பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் என்று சந்தையில் பேசிக்கொள்வது மெய்யா, மெய்யானால் அவனைத் திருப்பி அனுப்பலாகாதா, அவன் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்று பணிவுடன் கேட்டிருந்தீர். அந்த ஐயத்தை அரசவை உம்மைக் காட்டிலும் ஆழமாக ஆராய்ந்து முடிவும் கண்டுவிட்டது. அதை முறைப்படி அறிவிக்கவே இவ்வோலை.

மலையில் இவ்வாட்டம் இல்லையாகையால் சுருங்கச் சொல்லவேண்டியிருக்கிறது. வைக்கோல் திணித்த தோற்பந்தை எறிவோன் ஓங்கி எறிவான். ஏற்போன் எதிரணியைக் கடந்து ஓடி, அது மண்ணைத் தொடுமுன் பிடிக்கவேண்டும். எவ்வளவு தொலைவில் பிடிக்கிறானோ அவ்வளவு களம் அவன் அணிக்குச் சேரும். நீலவாய் நாட்டு அணிக்கு எறிபவன் ஒரு குயவன் மகன். வெண்ணாவல் அணிக்கு எறிபவர் இளங்கோமகன் பொன்னிறைச் சேயோன் அவர்கள். அவர் தோள்வலிமை பாடப்பட்டிருக்கிறது. பாடியவர்களுக்கு ஊரும் வழங்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அவர் எறிந்த நெடும்பந்துகளை இங்குள்ளவர் எவரும் ஏற்றதில்லை என்பதாலேயே மலையில் ஆள் தேட நேர்ந்தது.

கோட்டைக்கு வந்த மூவனுக்கு, எல்லாருக்கும் கற்பிக்கும் ஒழுக்கமே கற்பிக்கப்பட்டது. அரசகுலத்தார் முன்னிலையில் எவனும் அவர்க்கு முதுகு காட்டலாகாது. பரிமாறுகிறவன் பின்னடியாக நடந்தே மடைப்பள்ளி சேர்வான். மகாமந்திரியாரே மன்னர் முன்னிருந்து பின்னடியாக வந்து தூணில் தலையை இடித்துக்கொண்டது உண்டு. மூவன் விரைவில் கற்றான். இளங்கோ பந்தைக் கையில் எடுத்ததும் அவர் திருமுகத்தைப் பார்த்தபடியே பின்னடியாக ஓடுவான். அருகில் எறிந்தவற்றை எல்லாம் பிடித்தான். தொலைவில் எறிந்தவை அவன் தலைக்கு மேலாகப் போய்ப் புழுதியில் விழுந்தன. சிலவேளை அவனும் கால் தடுக்கி மல்லாந்து விழுந்தான். நீலவாய் நாட்டார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மன்னர் செவியில் விழுந்தது.

அவை கூடிற்று. மலைக்காரன் கை தேன் வழித்து நக்க ஆகுமேயன்றிப் பந்து பிடிக்க ஆகாது என்று இளங்கோ அருளிச்செய்தார். அவன் கோழை, பந்து இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான் என்றார் சேனாதிபதி. மூடவில்லை, மரக்கிளைகளுக்குள் வளர்ந்த கண்ணுக்குத் தொலைவு பிடிபடுவதில்லை என்றார் அரண்மனை வைத்தியர். வைத்தியர் மூத்தவராகையால் முதலில் அவர் சொல் ஏற்கப்பட்டு, மூவனின் கண்களில் மிளகுச்சாறு பிழியப்பட்டது. அவன் சுவரைத் தடவித் தடவி நடந்தான். கண்ணீர் வருகிறது, மருந்து வேலை செய்கிறது என்று வைத்தியர் மகிழ்ந்தார்.

வீக்கம் வற்றியதும் சேனாதிபதியின் முறை வந்தது. அரசகுலத்தார் எவரும் இல்லாத ஒரு முற்பகலில், மதில்மேல் காவற்சேவகன் ஒருவனை நிறுத்தி, தோற்பந்துக்குப் பதிலாகக் கல்லுருண்டைகளை வீசச் செய்தார். மூவன் முதுகைத் திருப்பி ஓடினான். தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தான். அகழிக்கரை வரை போய் ஏற்றான். வீசிய எல்லாவற்றையும் ஏற்றான். விரல் ஒன்று ஒடிந்தபின்னும் ஏற்றான். பார்த்துக்கொண்டிருந்த சேவகர்கள் வாய்விட்டுப் பாராட்டினார்கள். அவர்களுக்கு அன்று சோறு நிறுத்தப்பட்டது.

இதனால் அவை குழம்பியிருக்கும் என்று நீர் எண்ணவேண்டா. சேவகன் எறிந்தால் பிடிக்கிறான், இளங்கோ எறிந்தால் விடுகிறான். ஆகையால் குறை கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, நெஞ்சில் இருக்கிறது, வேண்டுமென்றே விடுகிறான் என்று தெளிவு பிறந்தது. அவன் ஓடும் விதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே எல்லாரும் பின்னடியாகவே நடந்து பழகியபடியால் அது ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை.

மன்னர் கருணை கூர்ந்து ஒரு வாக்கு அளித்தார். விழாநாள் ஆட்டத்தில் இளங்கோ எறியும் நெடும்பந்தை ஒருமுறையேனும் ஏற்றால் மூவன் மலைக்குப் போகலாம். ஏற்காவிடில் துரோகியென்று யானைக் கொட்டடியில் கிடந்து சாவான். அதைக் கேட்ட மூவன் மனைவியின் மாதத்தை விரல்விட்டு எண்ணினான் என்றும், ஒடிந்த விரலையும் சேர்த்தே எண்ணினான் என்றும், எண்ணி முடித்ததும் முதன்முறையாகச் சிரித்தான் என்றும் காவலர் சொன்னார்கள்.

விழாநாளில் நெடும்பந்து ஒவ்வொன்றாகத் தவறிப்போக, எஞ்சியது கடைசி எறி. இளங்கோ எறிந்தார். நல்ல எறி, அதை மறைப்பதற்கில்லை. மூவன் பின்னடியாகச் சிறிது தூரம் ஓடினான். பந்து தன்னைக் கடந்து போகப்போகிறது என்று கண்டான். கண்டவன் திரும்பினான். இளங்கோமகனுக்கு முதுகைக் காட்டி, கற்பித்த ஒழுக்கத்தை மறந்து, காற்றாய் ஓடினான். எல்லைக்கல்லருகே கைகளை நீட்டி, பிறந்த குழந்தையை மருத்துவச்சியிடமிருந்து வாங்குவது போல் பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். ஆட்டம் வெண்ணாவலுக்கு. களமே எழுந்து கூவியது. மன்னரும் எழுந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். மன்னர் எழுந்ததாக எழுதும் வழக்கம் இங்கில்லை.

கூச்சல் அடங்கியபின் இளங்கோவின் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். பந்தோடு ஓடிவந்த மூவன், மலைக்கு எப்போது புறப்படலாம் என்று ஆவலோடு கேட்டான். அவனைக் கட்டினார்கள். பின்னால் நிற்பவர் யாரென்று தெரிந்தே முதுகு காட்டினாயா என்று விசாரணையில் வினவப்பட்டது. அவன் சொன்னதை மாற்றாமல் பொறிக்க வேண்டும் என்பது அவையின் முறையாகையால் அப்படியே வருகிறது: “பந்து மேல இருந்துச்சுங்க. நான் பந்தத்தான் பாத்தேன்.” பலவிதமாகக் கேட்டும், கேட்கவேண்டிய விதத்தில் கேட்டும், அவன் வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே தீர்ப்பு. மூவனுக்கு நெடும்பந்து ஏற்கத் தெரியும், அதில் ஐயமில்லை. சந்தையில் வேறாகப் பேசுகிறவர்க்கு இதைப் படித்துக் காட்டுக. அவன் துரோகியும் அல்லன். இளங்கோமகனுக்கு முதுகு காட்டியது மட்டுமே குற்றம். அதைச் செய்தவை கால்கள். கைகள் வெற்றியை ஈட்டியவை என்பதால் அவற்றுக்குத் தீங்கு செய்யலாகாதென்றும், குதிகால் நரம்புகளை மட்டும் அறுக்கவேண்டுமென்றும் மன்னர் அருளினார். அவ்வாறே செய்யப்பட்டது.

அரசர் வாக்குப் பொய்ப்பதில்லை. மூவன் மலைக்கு அனுப்பப்படுகிறான். வண்டியில் வைக்கோல் பரப்பியிருக்கிறது. புண்ணில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறது. மலைப்பாதையில் வண்டி ஏறாது என்று வண்டிக்காரன் சொல்வதால், அடிவாரத்தில் இறக்கிவிடச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மேலே சுமப்பது உம் பாடு. குழந்தை பிறந்திருந்தால் மன்னரின் ஆசி அதற்கும் உண்டு.

இனி ஆணை. மூவனுக்கு எயினன் என்று ஒரு தம்பி உண்டென்றும், அவன் அண்ணனைவிட விரைந்து ஓடுவான் என்றும், மூவனே காய்ச்சலில் பிதற்றினான். அடுத்த விழாவுக்குமுன் எயினன் இங்கே வந்தாகவேண்டும். மறுப்போ தாமதமோ உமக்கு நல்லதன்று. நாடு வாழ்க, குடை வாழ்க. மன்னர் திருமுன் படித்து, அரக்கு உருக்கி, நாவற்கனி இலச்சினை பதிக்கப்பட்டது.

இலச்சினை பதிந்தபின் மன்னர் சேர்க்கச் சொன்னது: எயினனைப் பின்னடியாக ஓடப் பழக்கி அனுப்புக. அண்ணன் உட்கார்ந்தபடியே பந்தெறிந்து அவனைப் பழக்கட்டும்; கைகள் நன்றாகவே இருக்கின்றன.