அன்னாசி வாசனைச் செடி

ஜூலை 9
காய்ச்சல் போய் ஒரு மாதம். போகும்போது மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று விடுதிச் சமையலறையில் பால் அடிப்பிடித்தது. பக்கத்திலேயே நின்றிருந்தேன், தெரியவில்லை. உப்புக் குறைவதைக்கூட மோந்தே சொல்கிற சமையற்காரி நான். வார்டன் அம்மாவிடம் பாத்திரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஜூலை 12
தங்கை ஒரு தொட்டியில் சால்வியா என்ற பூச்செடி கொண்டுவந்தாள். "இலையைக் கசக்கினா அன்னாசிப்பழ வாசனை வரும்க்கா. தினமும் மோந்து பாரு. வெயில்ல வை, தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுடாத." பகல் பொழுது சுருங்கும் மாதங்களில்தான் பூக்குமாம்.

ஜூலை 13
ஒரு நுனியைக் கிள்ளிக் கசக்கினேன். ஒன்றுமில்லை.

ஜூலை 30
தினம் ஒரு கிள்ளு. ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் மட்டும் மோந்துவிட்டு, "பழக்கடையே வந்து நிக்குது" என்கிறார். கேட்க எரிச்சலாக இருக்கிறது. டாக்டர், "வரலாம்மா. வந்தாலும் முதல்ல கோணலா, ஒரு வாசனை வேற ஒண்ணு மாதிரித்தான் தெரியும்" என்றார். வராவிட்டால்? எந்த அடுப்படியில் என்னைச் சேர்ப்பார்கள்?

ஆகஸ்ட் 21
வேலையில் சும்மா மோந்து பார்த்துத் தலையாட்டுகிறேன். நடிப்பு நன்றாக வருகிறது.

செப்டம்பர் 18
தங்கை செடியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அவள் வீட்டில் இதே செடி ஒற்றைக் குச்சியாக நெட்டுக்கு நிற்கிறதாம். என்னுடையது புதர். "நுனி கிள்ளி விடணும்னு யாருக்கா சொன்னது?" யாரும் சொல்லவில்லை. கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டு கிளை வந்திருக்கிறது. நான் கிள்ளினது செடிக்காகவா?

அக்டோபர் 6
நுனியெல்லாம் மொட்டு. இனிக் கிள்ளினால் பூ போய்விடும். கையைக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 10
கெட்டுப்போன பருப்பைப் பரிமாறப் பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற பெண் தடுத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டிருந்தால்? நேரே போய் வார்டன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பருப்பைக் கொட்டச் சொன்னார். பிறகு, "காய் நறுக்கற பக்கம் போங்க. அடுப்பை வேற ஆள் பாக்கட்டும்" என்றார். வேலை போகவில்லை. அடுப்பு போயிற்று. அவமானமாக இருக்கிறது, ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை.

அக்டோபர் 27
ஞாயிறு, விடுமுறை. செடி முழுக்கச் சிவப்பு. காற்றில் சாய்ந்த கிளையை, இலை கையில் கசங்க, குச்சியில் கட்டிவிட்டு, மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினேன் — ஏதோ நாறுகிறது. மண்ணெண்ணெய்.

"ஏங்க, இங்க யாரு மண்ணெண்ணெய் கொட்டினது?"

இவர் ஓடிவந்து என் கையை மோந்தார். "அன்னாசிடி. அன்னாசி வாசனைதான்."

மறுபடி மோந்தேன். குமட்டியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. படுக்கப் போகும் வரை கை கழுவவில்லை.