குலவைப் பெட்டியும் இரைச்சலும்

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். காலை ஷிப்ட். உளுந்து தீர்ந்துபோச்சு.

நேற்று குன்றத்தூரில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. லூப் பெட்டியோடு என் முதல் மேடை. நாம் பாடுவதைப் பிடித்து வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாடும் பெட்டி. அதன்மேல் அடுத்த குரலை ஏற்றலாம். எங்கள் மானாமதுரைப் பக்கம்போல இங்கே குலவை போட ஆள் கிடையாது. நான் ஒருத்தியே பத்துப் பேராகலாம் என்றுதான் வாங்கினேன். குலவையோடு 'ம்ம்ம்' என்று இரைச்சலும் ஏறியது. ஐந்து குரல், ஐந்து இரைச்சல். பெரிய மாமா எழுந்துபோய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர்: "ஞாயித்துக்கெழம நம்ம தெருவுல கூழ் ஊத்துறாங்க. அங்கயும் இது இதே மாரி கத்துச்சுன்னா வித்துடு செல்வி. மானம் போவுது."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேற பெட்டி வாங்கு என்கிறாள் கம்பெனி லைனில் பக்கத்தில் நிற்கும் மேரி. பீஸ் ரிஜெக்ட் ஆனால் மெஷினையா மாற்றுகிறோம்? ஒவ்வொன்றாகக் கழற்றித்தானே பார்க்கிறோம்.

வீட்டிலும் அதே. டியூப்லைட் ஆஃப்: இரைச்சல். ஃபேன் ஆஃப்: கொஞ்சம் கம்மி. ஃப்ரிட்ஜ் ஆஃப்: அப்படியே.

இருட்டில் இவர், வேர்த்து ஒழுக: "இன்னா செல்வி, கரண்ட் பில்லு கட்லியா?"

ஆகஸ்ட் 6, புதன்

ஃப்ரிட்ஜை மறுபடி போடவே இல்லை. பால் திரிந்து, மாவு பொங்கி வழிந்து... இவர் என்னோடு பேசவில்லை. நிம்மதி.

குற்றவாளி கிடைத்தாச்சு. குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ பெட்டிக்கும் லூப் பெட்டிக்கும் ஒரே அடாப்டரில் கரண்ட். தனித்தனியாகக் கொடுத்தேன். கப்சிப்.

மைக்? மேரி தம்பியின் ஸ்டூடியோ மைக்கை இரவல் வாங்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு குக்கர் விசில், ஷேர் ஆட்டோக்காரரின் "தாம்பரம், தாம்பரம்", எல்லாம் என் பாட்டில். வேண்டாம் சாமி. வாய்க்கு ஒட்டினால்தான் காது கேட்கும் சாதா மேடை மைக்கே போதும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓ.டி. கால் வீக்கம்.

மைக் செட் ஏழுமலை அண்ணனிடம் சீரியல் லைட்டை வேறு லைனில் போடச் சொன்னேன். அதுவும் இரைச்சல் கொடுக்கும்.

"லைட்டும் அம்மனுக்கு, பாட்டும் அம்மனுக்கு. இதுல இன்னாமா தனிக்குடித்தனம்?"

அவர் சம்சாரத்துக்கு ஜாக்கெட் தைத்துத் தருவதாகச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

பெட்டியில் ஒரே பித்தான். ஒரு மிதி, பதிவு. இன்னொரு மிதி, பதிவு நிற்கும். மிதித்தபடியே பிடித்தால் பாட்டே நிற்கும். காலால் பழகினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மேடை. கைதட்டல் ஏற்றினேன். அதன்மேல் குலவை, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று பத்துக் குலவை. வாயை மூடிக் கேட்டேன். பொட்டு இரைச்சல் இல்லை. பதிவை நிறுத்த மிதித்தேன். பித்தானுக்கு அடியில் ஜமுக்காளம் சுருண்டு புகுந்திருந்ததால் அது அமுங்கவில்லை. அப்போது எனக்குத் தெரியவில்லை.

இவர் மேடையேறி, மைக்குக்கு மேலேயே குனிந்து என் காதில்: "சூப்பரா கீது செல்வி. விக்காத."

அதுவும் ஏறிவிட்டது. பத்துப் பேர் குலவை, "சூப்பரா கீது செல்வி, விக்காத." மறுபடி குலவை, மறுபடி "விக்காத." கூழ்ச் சொம்போடு தெருவே கை தட்டுகிறது. ஏழுமலை அண்ணன் வால்யூமை ஏற்றுகிறார். இவர் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துடி, நிறுத்துடி."

ஜமுக்காளத்தைச் சரிசெய்தேன். பித்தான் காலடியில்தான் இருந்தது. நான் மிதிக்கவில்லை.