ரொஷேல் காட்டிய அட்டை

கொட்டாஞ்சேனை

அன்பு மகன் நிரோஷனுக்கு,

மாதாவின் துணையால் இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்ன் குளிரில் உனக்கு இழுப்பு வராமல் இருக்க மன்றாடுகிறேன். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ இடையில் புகுந்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

ஓட்டிசம் உள்ள உன் தங்கச்சிக்கு நீ ஒழுங்குசெய்த ஏ.பி.ஏ. நடத்தைப் பயிற்சிக்குச் சாமினி கிழமையில் இரண்டு நாள் வருகிறாள். முதல் நாளே பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினாள். ரொஷேல் தன் கையைக் கடிக்கும்போதெல்லாம் அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று நான் எழுதவேண்டுமாம். பத்தொன்பது வருஷம் வளர்த்தவளுக்கு வீட்டுப்பாடமா என்று எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் இரண்டு கிழமை எழுதினேன். பார்த்தால் அநேகமாக அப்பா கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்த நேரம். அவள் இரத்தம் வரக் கடித்த பிறகுதான் மனிதர் ரிமோட்டைத் தேடுவார். "அன்ரி, கடிச்சாத்தான் சத்தம் நிக்கும் எண்டு அவ விளங்கி வச்சிருக்கிறா, வேற வழி ஒண்டும் நாங்க காட்டேல்லத்தானே" என்று சாமினி சொன்னபோது முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போது 'நிறுத்து' என்று சிவப்புக் கை வரைந்த அட்டை ஒன்று கொடுத்திருக்கிறாள், ரொஷேல் அதைக் காட்டிய உடனே நிறுத்தவேண்டும், கடைசி ஓவர் என்றாலும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துகிறார். மூன்று கிழமையாகக் கையில் புதுக்காயம் இல்லை.

இதையெல்லாம் நீ கேட்கவில்லை. டிசம்பரில் நிருஷாவோடு நடக்கும் உன் கலியாணத்துக்கு முன் அவள் கைகளை உதறுவதை நிறுத்தப் பழக்கு என்று சாமினிக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். சந்தோஷம் வந்தால் உதறுகிறாள், அதில் யாருக்கு நோகிறது? சாமினியும் மறுத்துவிட்டாள், ரொஷேலைக் காயப்படுத்துவதை மாற்றத்தான் தான் வருவதாகச் சொன்னாள். போன ஞாயிறு வீடியோவில், பேச்சு வராத பிள்ளையை அண்ணா என்று சொல், சொல் என்று பத்துத்தரம் கேட்டாய். அவள் அட்டையைத் தூக்கி உனக்கு நேரே பிடித்தாள். விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டு இன்னொரு தரம் கேட்டாய், அவள் கை வாய்க்குப் போனது. அழைப்பை வெட்டியது நான்தான் மகன், நெட்வொர்க் பிழை அல்ல.

நிருஷாவின் வீட்டாருக்கு இப்போதே சொல்லிவை. கலியாணத்தன்று கோயிலில் முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் உன் தங்கச்சி இருப்பாள். உன்னைக் கண்டதும் கைகளை உதறுவாள்.

ஆண்டவர் உன்னையும் நிருஷாவையும் கைவிடாமல் காக்கட்டும். இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகாதே.

உன் அம்மா
நேசம்