அனுப்புநரும் நானே, பெறுநரும் நானே

ஏப்ரல் 9, 2018

காராஜில் உட்கார்ந்து ரைஃபிளைத் துடைத்தேன். அது அழுக்காக இல்லை. மறுபடியும் துடைத்தேன்.

அடுத்த வீட்டு எல்வுட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். ரைஃபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தன் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சாயங்காலம் வரை பேசினான். ஒரு முழங்காலைப் பற்றி இவ்வளவு சொல்ல இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 12

அலாஸ்காவிலிருந்து மகள் சிக்னி கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். இன்று வியாழன்.

"அப்பா, நீ இங்கேயே வந்துடேன். கீழ் ரூம் சும்மாத்தான் கிடக்கு."

என் மனைவி லோர்னா போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன அவசரம் என்றேன். அவசரம் ஒன்றுமில்லையாம், ரூம் சும்மா கிடக்கிறதாம். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. தூங்கப் போனேன்.

ஏப்ரல் 25

போவதென்று முடிவு. வீட்டை ஓர் இளம் தம்பதி கேட்கிறார்கள். சமையலறையை இடித்துப் பெரிதாக்கப் போவதாக அந்தப் பெண் என்னிடமே சொன்னாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

பிக்கப்பை ஓட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். மான்டானாவிலிருந்து அலாஸ்காவுக்குத் தரைவழி என்றால் நடுவில் கனடா முழுக்கக் கிடக்கிறது. ரைஃபிளையும் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் வண்டியில் வைத்தால் எல்லையில் காகிதம், கட்டணம், கேள்வி. எனக்கு இப்போது கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தெம்பு இல்லை.

எல்வுட்டிடம் ஒரு யோசனை இருந்தது. "ஸீட்டுக்குப் பின்னால போர்வையைச் சுத்திப் போட்டுடு. எவன் பாக்கப் போறான்?"

"பாத்தா?"

"பாத்தா தூண்டில்னு சொல்லு."

இவன் முப்பது வருடம் உயர்நிலைப் பள்ளியில் சட்டமும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்தவன்.

மே 3

தபாலாபீஸ். கவுன்டரில் டெல்ஃபின். இரண்டு துப்பாக்கிகளையும் கழற்றி, நுரையில் பொதிந்து, நீளமான அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

"உள்ள என்ன ஓரின்?"

"ஒரு ரைஃபிள், ஒரு இரட்டைக்குழல். தோட்டா இல்லை."

எனக்குப் பின்னால் நின்ற பாதிரியாரின் மனைவி ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். டெல்ஃபின் விதிப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டாள். உரிமம் வைத்திருக்கும் வியாபாரியாக இல்லாதவன், வேறு மாநிலத்தில் இருக்கும் தனக்கே, நீளத் துப்பாக்கியைத் தபாலில் அனுப்பலாம். கைத்துப்பாக்கி கூடாது. தோட்டா கூடவே கூடாது. உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே எழுதக் கூடாது. பெட்டி என் பெயருக்குத்தான் போக வேண்டும், அங்கே இருப்பவர் பெயர் 'கேர் ஆஃப்' என்று கீழே வரலாம். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். திறப்பது நானாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் இல்லை.

எழுதினேன். அனுப்புநர்: ஓரின் ஹாக்ஸ்டாட். பெறுநர்: ஓரின் ஹாக்ஸ்டாட். கேர் ஆஃப் சிக்னி ஹாக்ஸ்டாட் லண்டி, சோல்டாட்னா, அலாஸ்கா.

டெல்ஃபின் படித்துப் பார்த்தாள். "உங்களுக்கு உங்ககிட்ட இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கா? நேர்லயே சொல்லியிருக்கலாமே."

லோர்னா போனதற்குப் பிறகு என்னிடம் ஜோக் அடித்த முதல் ஆள் இவள்தான். சிரிக்கத் தோன்றவில்லை. வண்டிக்கு வந்த பிறகு கொஞ்சம் சிரித்தேன்.

மே 4

காராஜ் காலி. அங்கே போய் உட்கார ஒரு காரணமும் இல்லை. போய் உட்கார்ந்தேன். குளிராக இருந்தது, வந்துவிட்டேன்.

மே 22

எல்லை. கனடா பக்கம் ஓர் அதிகாரி, சின்னப் பெண், மிகவும் மரியாதை.

"வண்டியில துப்பாக்கி ஏதாவது இருக்கா சார்?"

"இல்லை."

நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். "மான்டானாலேருந்து அலாஸ்கா போறீங்க. துப்பாக்கியே இல்லையா?"

"தபால்ல போட்டாச்சு."

"யாருக்கு?"

"எனக்கு."

ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இரண்டு பேர் வண்டியை முழுக்க இறக்கினார்கள். லோர்னாவின் தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். நீங்கள் தைப்பீர்களா என்று ஒருவன் கேட்டான். மாட்டேன் என்றேன். அப்படியானால் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அதற்காக அவனுக்கு நன்றி.

மே 26

சாலை நடுவே காட்டெருமைகள். அவை நகரும்வரை நானும் நின்றேன். யாருக்கும் அவசரமில்லை.

மே 28, வைட்ஹார்ஸ், கனடா

மோட்டலுக்கு சிக்னியின் போன். "பெட்டி வந்துருச்சுப்பா. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். இதை நான் திறக்கக் கூடாதாமே?"

"கூடாது. என் பேர்ல வந்தது."

"திறக்க மாட்டேன்," என்றாள். அதை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஜூன் 1, சோல்டாட்னா

வந்து சேர்ந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்தும் வெளியே பட்டப்பகல். மருமகன் ராய்ஸ் அடுப்பில் ஸால்மன் மீன் சுட்டுத் தந்தான். நல்ல பையன், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது தூக்கிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறான். சிக்னி இங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள், என் வாயைத் திறந்து பார்க்கவில்லை, அதுவரை நிம்மதி.

ஜூன் 3

பெட்டி எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றாள்.

எங்கே என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்குப்பா. காப்பி ஊத்தட்டுமா?"

ஜூன் 4

ராய்ஸைக் கேட்டேன். பாவம், காதுவரை சிவந்துவிட்டான். "மாமா, என் ஷெட்ல இரும்பு அலமாரி இருக்குல்ல? அதுல. ஆனா சாவி அவகிட்ட. என் துப்பாக்கியும் உள்ளதான் இருக்கு. இப்ப எனக்கே வேணும்னாலும் நான் அவளைத்தான் கேக்கணும்."

அவளிடம் போனேன். அது என் சொத்து என்றேன். சட்டப்படி என்னைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் தொட—

"திறக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? நான் திறக்கலையே. டேப்பு அப்படியே இருக்கு, வா, காட்டறேன்."

"அது என் பேருக்கு வந்தது சிக்னி."

"கேர் ஆஃப்னு என் பேரைப் போட்டது யாரு? நானா போட்டேன்? கேர்னா பாத்துக்கறதுதானே? அந்த வேலையைத்தான் பாக்கறேன்."

என்ன நினைச்சிட்டிருக்கா இவ? அறுபத்தெட்டு வயசு எனக்கு. பன்னிரண்டு வயசுலேருந்து துப்பாக்கி பிடிக்கறேன், ஒரு தடவை— ஒரு தடவைகூட எவனுக்கும் ஒண்ணும் ஆனதில்லை. போலீஸுக்குப் போன் பண்ணலாம். என்ன சொல்ல? என் பெட்டியை என் பொண்ணு திறக்காம வெச்சிருக்கான்னா?

ஜூன் 5

எல்வுட்டைக் கூப்பிட்டேன்.

"நீதானே அவகிட்ட சொன்னே?"

"என் முழங்காலைப் பத்தியா?"

"எல்வுட்."

"ஆமா, சொன்னேன். அன்னிக்கு நீ என்னைப் பாத்த பார்வை சரியில்லை. கோவமா இருந்தா இருந்துக்கோ. ஆபரேஷன் அடுத்த மாசம் வெச்சிருக்காங்க, நீ கேக்கலை, நானே சொல்றேன்."

போனை வைத்துவிட்டேன். பிறகு மறுபடி கூப்பிட்டு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.

ஜூன் 9

ஆற்றங்கரையில் சிக்னியும் நானும். ராய்ஸ் இடுப்பளவு தண்ணீரில் தூரத்தில் நின்றான். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, செத்துப் போயிடணும்னு இருக்கா உனக்கு?"

எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். லோர்னாவின் புற்றுநோயையே நாங்கள் 'அந்த விஷயம்' என்றுதான் சொன்னோம்.

இல்லை என்றேன்.

அவள் காத்திருந்தாள்.

"தெரியலை" என்றேன்.

"சரி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் மீனைப் பிடித்துக் கத்தினான். நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம்.

ஜூன் 10

இங்கேயாவது எழுதுகிறேன். மார்ச்சில் ஒரு நாள். இல்லை, ஒரு நாள் இல்லை. பல நாள். ஏப்ரல் ஒன்பதும் அதில் ஒன்று.

எழுதியாகிவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஜூலை 2

இதை அவளிடமும் சொன்னேன். அவள் தொட்டியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். கத்தி நிற்கவில்லை, மெதுவாயிற்று. முழுக்கக் கேட்டாள். பிறகு கையைக் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள்.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாம்."

"பெட்டி எப்ப வேணும்னு நீ கேட்டாலும் உக்காந்து பேசலாம். பேசிட்டுத் தரேன். நான் திருடலை."

"தெரியும்."

"மீன் வாடையோட கட்டிக்கவா?"

கட்டிக்கொண்டாள். சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

ஜூலை 12

டாக்டர். மாத்திரை. வியாழன்தோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மனைவியை இழந்தவர்கள் கூடுகிறார்களாம். போய்ப் பார்த்தேன். எட்டு கிழவர்கள். மோசமான காப்பி. ஒருவன் தன் மனைவி செய்யும் ரொட்டியைச் செய்யப் பார்த்து அடுப்பையே மாற்ற வேண்டி வந்த கதையைச் சொன்னான். அடுத்த வாரமும் போவேன்.

ஆகஸ்ட் 20

வேட்டை உரிமம் விசாரித்தேன். உள்ளூர்க்காரன் உரிமம் வேண்டுமானால் முழுதாக ஒரு வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரன் உரிமம் வாங்கலாம். நானே என்னை வெளியூர்க்காரன் என்று எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

"அப்ப ஒரு வருஷம் காத்திருக்கணுமா மாமா?" என்றான் ராய்ஸ்.

"ஆமா."

அவன் சிக்னியைப் பார்த்தான். சிக்னி உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

அக்டோபர் 30

பனி. எல்வுட் நடக்கிறானாம். நடப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான்.

டிசம்பர் 21

சூரியன் பத்து மணிக்கு மேல் வந்தது. நாலு மணிக்கு முன்னால் போனது. மாத்திரை போட்டேன். தையல் மெஷினை எடுத்து வைத்து, புத்தகத்தைப் பார்த்து, ராய்ஸின் கால்சட்டையில் கிழிசலைத் தைத்தேன். இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

ஜனவரி 17, 2019

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 16

லோர்னா போய் ஒரு வருடம்.

காலையில் சிக்னி வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை போனேன். "அந்தச் சாவியை இன்னிக்கு வீட்ல வைக்காதே. கூட எடுத்துட்டுப் போயிடு."

"தினமும் எடுத்துட்டுத்தாம்பா போறேன்."

அவள் பூட்ஸைக் கழற்றினாள். ஆபீஸுக்குப் போன் பண்ணி வரவில்லை என்றாள். நாள் முழுக்கச் சீட்டாடினோம். எல்லாவற்றிலும் ஜெயித்தாள். இன்றைக்காவது விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றேன். "அம்மா விட்டுக்கொடுப்பாளா?" என்றாள். மாட்டாள். அதன் பிறகு இரண்டு பேரும் அழுதோம், சீட்டு கையிலேயே இருந்தது.

ஏப்ரல் 28

வியாழன் கூட்டத்தில் இப்போது காப்பி போடுவது நான். குடிக்க முடிகிறது என்கிறார்கள்.

ஜூன் 14

உரிமம் வந்தது. அலாஸ்காவாசி என்று அச்சடித்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டிவைத்தேன்.

ஆகஸ்ட் 11

பெட்டியைக் கேட்டேன். காட்டுக்கோழி சீஸன் ஆரம்பித்திருக்கிறது.

சிக்னி எதிரே உட்கார்ந்தாள். "எப்படி இருக்கே?"

"சில நாள் நல்லா இல்லை. ஆனா அந்த மாதிரி இல்லை. பழைய மாதிரி இல்லை. அப்படி வந்தா உங்கிட்ட சொல்றேன். வேட்டை முடிஞ்சதும் திரும்ப உன் அலமாரியிலயே வெச்சிடலாம். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

டாக்டரையும் கேட்டுவிட்டுத்தான் தந்தாள். நீளப் பெட்டி சமையலறை மேஜையில் இருந்தது, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. டேப்பில் ஒரு கீறல் இல்லை. ராய்ஸ் கத்தியை நீட்டினான்.

"நீங்கதான் திறக்கணும் மாமா. சட்டம்."

திறந்தேன்.

ஆகஸ்ட் 24

இரட்டைக்குழலோடு நானும் சிக்னியும் காட்டுக்குப் போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். காது கேட்காத இரண்டு கோழிகள் கிடைத்தன. ராய்ஸ் வெங்காயம் போட்டு வதக்கினான். நான் நிறையச் சாப்பிட்டேன். கறியில் இருந்த ஒரு ஈயக்குண்டைக் கடித்துக் கடைவாய்ப்பல் பாதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 27

சிக்னி வேலை செய்யும் பல் டாக்டர் பார்த்தார். பிடுங்கிவிடலாம், சீக்கிரம் முடியும், என் வயதில் பலர் அதைத்தான் செய்கிறார்கள் என்றார். இல்லையென்றால் பல்லின் மேல் உறை போடலாம், மூன்று தடவை வர வேண்டும்.

"உறை எத்தனை நாள் வரும்?" என்றேன்.

"நல்லதாப் போட்டா இருபது வருஷம்."

சிக்னி பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகமூடிக்கு மேல் கண் மட்டும். அதற்குள் என் வாய் நிறையப் பஞ்சு. இரண்டு விரலை நீட்டிக் காட்டினேன்: இரண்டாவது, உறை.